ஸ்பீக்கர்ல போடுங்க சார்

"ஹலோ… ஆமாங்க, விலங்கு மீட்புக் குழுதான்… ஆமா, ஆமா, கேட்ல எழுதியிருக்கிற நம்பர்தான்… பூட்டியிருக்கா? பூட்டித்தான் சார் இருக்கும். நாலு மணிக்குத்தான் ஆள் வரும்… இல்ல சார், இங்க யாரும் சம்பளத்துக்கு உக்காந்திருக்கல. அவங்கவங்க பொழப்பைப் பாத்துட்டு மிச்ச நேரத்துல வர்றவங்கதான்… சரி, கோவப்படாதீங்க, விஷயத்தைச் சொல்லுங்க… நாயா?…"

அவள் கையிலிருந்த கண்ணாடி பிரேமை அப்படியே மேசைமேல் வைத்தாள்.

அது மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறை. லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓய்ந்து கிடந்தது. மதியம் ஒரு மணி நேரம் குழுவின் தொலைபேசி அவள் பொறுப்பு. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரிலிருந்து யார் கூப்பிட்டாலும் அந்த நேரத்தில் அவளுக்குத்தான் வரும். இன்றைக்குக் கூப்பிட்டவன் சாட்சாத் அவளுடைய அண்ணன். நாலாவது வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

அவனுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் ஜலதோஷத்தில் அவள் தொண்டை கரகரத்துக் கிடந்தது ஒரு காரணம். தங்கை வாயிலிருந்து 'சார்' என்று ஒரு சொல்லை அவன் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை என்பது இன்னொரு காரணம். அவள் இந்தக் குழுவில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், வேறு வேலைவெட்டி இல்லாதவர்கள்தான் நாய் பின்னால் அலைவார்கள் என்று அரை நாள் பேசுவான்.

"தெருநாயா? சரி… சரி… அதுவா உங்க கார் முன்னாடி வந்து நின்னுச்சா? அடடா!… நீங்களும் மனசு கேக்காம ஏத்திட்டு வந்துட்டீங்க. எவ்ளோ பெரிய மனசு சார் உங்களுக்கு. எல்லாருக்கும் வராது… என்ன நிறம்?… பழுப்பு. நெஞ்சுல மட்டும் வெள்ளை. சரி… காது?… ஒண்ணு மடிஞ்சிருக்கா. எந்தக் காது?… இடது."

இடது காதேதான். அம்மாவின் நாய். பன்னிரண்டு வயது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்து மூன்று வாரம் ஆயிற்று. "நாயை என்கிட்ட விடுங்க" என்று மார்தட்டியவன், அம்மாவோடு அதே வீட்டில் இருக்கிற அண்ணன்தான். போன வாரம்கூட அவளிடம் வாய் கூசாமல் சொன்னான், ராஜா மாதிரி இருக்கிறதாம், வேளைக்கு ரெண்டு தட்டு காலியாம். வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்கு வருகிறாள். இன்றைக்குப் புதன்.

நான்தான்டா என்று கத்த நாக்கு துடித்தது. கத்தவில்லை. கத்தினால் போனை வைப்பான், நாயைக் கேட்டில் கட்டிவிட்டு நழுவுவான், சாயங்காலம் 'எங்கேயோ ஓடிப்போச்சு' என்று குரல் தழுதழுக்கச் சொல்வான். பிறந்ததிலிருந்து பார்க்கிறாள், அவனைத் தெரியாதா? காப்பகத்தின் கேட்டுக்கு முன்னால் லாரி பறக்கிற சாலை. போன மாதம் எவனோ கட்டிவிட்டுப் போன நாய் கயிற்றை அறுத்துக்கொண்டது. நாலு மணிக்கு வந்தவர்கள் அதைச் சாலையிலிருந்து அள்ளத்தான் முடிந்தது.

"கட்டிட்டுக் கெளம்புறேன்ங்கிறீங்களா? ஐயோ, வேணாம் சார். ரெண்டே நிமிஷம்… அவசர வேலையா? இருக்கும் சார், இருக்கும், உங்கள மாதிரி ஆளுங்களுக்கு இல்லாமலா… ஒரு படிவம் இருக்கு, அதை நிரப்பினாத்தான் உள்ள எடுப்போம்… ஆமா, நாய்க்கும் படிவம்தான். என்ன பண்றது? நாய் பொய் சொல்லாது, கூட்டிட்டு வர்றவங்க இருக்காங்களே… சே சே, உங்களச் சொல்லுவேனா!"

அவள் இழுப்பறையைத் திறந்து நிஜமாகவே படிவத்தை எடுத்தாள். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"வயசு?… ரெண்டு இருக்குமா! வாயைத் திறந்து பாருங்க… பல்லு பாதி இல்லையா? ரெண்டு வயசுலேயே கொட்டிப்போச்சு, பாவம், என்ன கவலையோ… கண்ணு?… பால் படிஞ்ச மாதிரி. ரைட்டு. ரெண்டுன்னே எழுதிக்கிறேன்… கழுத்துல பட்டை?… இல்ல. பட்டை இருந்த தடம்?… முடி தேய்ஞ்சு வளையமா இருக்கா. தெருநாய்ங்க இப்பல்லாம் நகை போட்டுக்குதுங்க போல… நகம்?… வெட்டி இருக்கா? பாத்தீங்களா சார், நமக்கே நேரம் கிடைக்க மாட்டேங்குது!"

"உக்காருன்னு சொல்லுங்க… உக்காந்துருச்சா. கை குடுன்னு?… ஓ, சொல்றதுக்கு முன்னாடியே குடுத்துருச்சா. நல்லாப் படிச்ச தெருநாய் சார்."

அவன் குரல் உயர்ந்தது. அவள் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா… ஆமா… கரெக்ட். அன்புன்னு போர்டு வச்சிட்டு ஆயிரம் கேள்வி கேக்குறோம். போர்டு வச்சது எங்க தப்புதான் சார்… இடமா? எட்டு கூண்டு, நாப்பத்தி மூணு நாய். இதையும் சேத்தா நாப்பத்தி நாலு… வயசானது வந்தா எப்படி இருக்குமா? ஏன் சார் கேக்குறீங்க, உங்க நாய்க்குத்தான் ரெண்டு வயசாச்சே… இல்ல, கேட்டதுக்குச் சொல்றேன். ஒரு வீட்டுல வளந்தது வந்துச்சுன்னா, சுவரைப் பாத்துப் படுத்துக்கும். திரும்பாது. பத்து நாள், பதினஞ்சு நாள். அவ்ளோதான்…"

இது கிண்டலுக்குச் சொன்னதில்லை. நாலு மாதத்தில் மூன்று நாய்களை அப்படிப் பார்த்துவிட்டாள். அவன் போனை வைத்துவிடக் கூடாது என்று அவசரமாகத் தொடர்ந்தாள்.

"சரி, அடுத்தது போட்டோ. ஒண்ணு எடுத்து அனுப்புங்க, ஏழு நாள் எங்க குரூப்ல போடுவோம். சொந்தக்காரங்க யாராச்சும்… ஏன் சார் பதறுறீங்க? உங்க மூஞ்சி வராது, நாய் மூஞ்சிதான் வரும்… எத்தன பேரா? ஒரு எட்டாயிரம் பேர் பாப்பாங்க. ஆஸ்பத்திரி நர்ஸுங்களே நெறைய பேர்… ஹலோ?… ஹலோ? இருக்கீங்களா?… இருமலா? மெதுவா தண்ணி குடிங்க."

"போட்டோ வேணாங்கிறீங்க. சரி, உங்களுக்காக விடுறேன். கடைசியா ஒண்ணே ஒண்ணு. பேர் கூப்பிட்டுப் பாக்கணும்."

பேர் கூப்பிட்டுப் பார்ப்பது குழுவில் எல்லாரும் செய்கிற வேலை. வழிதப்பி வந்த நாய்க்குப் பேர் என்னவென்று கண்டெடுத்தவர்களுக்குத் தெரியாது. அதனால் நாற்பது பெயர்களை ஒரு தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள். போனை நாயின் காதருகே வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாகக் கூப்பிட வேண்டும். தன் பேர் வந்ததும் நாய் தலையைத் தூக்கும்.

அவள் போட்ட கணக்கு வேறு. பத்துப் பெயரைச் சாவகாசமாகக் கூப்பிடுவது. பதினோராவதாக 'மேனேஜர்' என்பது. நாய்க்கு அம்மா வைத்த பேர் அதுதான். ஒரு வேலையும் செய்யாமல், வாசலில் உட்கார்ந்து வருகிறவர் போகிறவரை மட்டும் முறைக்கிறது என்பதால் வைத்தது. உலகத்தில் வேறு எந்தத் தெருநாய்க்கும் அந்தப் பேர் இருக்காது. அண்ணன் எப்படிச் சமாளிக்கிறான் என்று பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்… போட்டாச்சா? காதுகிட்ட வைங்க… உங்க காது இல்ல சார், நாய் காது… ம். ரெடியா?… டைகர்!"

ஒரே ஒரு பேர்தான் சொன்னாள்.

முதலில் ஒரு முனகல். அப்புறம் ஊளையா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு சத்தம், விட்டு விட்டு, மூச்சு முட்டி. போன்மேல் நகம் கறகறவென்று பிறாண்டியது. மூக்கு வந்து மோதியது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் மகளோடு பேசுவாள். நாய் பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். மூன்று ஞாயிறாக அந்தக் குரல் அதற்குக் கிடைக்கவில்லை. ஜலதோஷம் பிடித்திருந்தாலும் என்ன, அதற்குத் தெரியாதா?

போட்ட கணக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"டேய்… டேய் மேனேஜர்! நான்தான்டா… அழாதடா தங்கம், நான்தான்டா… இங்கதான்டா இருக்கேன்…"

கடையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினாள்.

"…ஆமா. நான்தான்… தங்கச்சிதான். வேற யாரு, எதிர்வீட்டுக்காரியா?… நாலு மாசமா… ஏன் சொல்லலையா? நீ கேக்குற கேள்வியா இது? வயசு ரெண்டுன்னு எழுதிட்டேண்ணே, அப்படியே விட்டுடவா, அடிச்சுட்டு எழுதவா?… வாயை மூடு. அதுவா வந்து கார் முன்னாடி நின்னுச்சா? பன்னெண்டு வருஷமா அந்த வீட்டு வாசல்ல நின்னுட்டு இருந்தது, இன்னிக்கு ரோட்டுல வந்து உனக்குக் கை காட்டுச்சா? வெள்ளிக்கிழமை அம்மா வந்து எங்கடா அதுன்னு கேட்டா என்ன சொல்லலாம்னு இருந்த?… அதுக்கும் ஒரு கதை ரெடியா இருக்குமே, சொல்லு, கேப்போம்… என்னது?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"சாப்பிடலையா? எத்தன நாளா?… மோந்து பாத்துட்டுப் போயிடுதா… அம்மா கட்டிலுக்கு அடியிலேயேவா… டாக்டர்கிட்ட?… ஒண்ணுமில்லன்னுட்டாரா… ம்… ம்… உன் கண்ணு முன்னாடி செத்துரும்னு பயமா? அதனால எங்க கண்ணு முன்னாடி சாகட்டும்னு கொண்டாந்தியா?… சரி, சரி. நாங்க ஏதாவது பண்ணுவோம்னு நெனச்ச. புரியுது… அண்ணே. நீ அழுவுறியா?… தூசியா. சரி, தூசிதான்."

நாய் இன்னும் விசும்பிக்கொண்டிருந்தது.

"இதை என்கிட்ட அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு? கூடப் பொறந்தவகிட்ட உண்மை சொல்ல வாய் வரல. யாரோ ஒரு பொம்பளைகிட்ட பொய் சொல்ல மட்டும் இவ்ளோ நீளமா வருது!… போதும், மன்னிப்பெல்லாம் அதுகிட்ட கேளு… நான் நாலரை பஸ்ல வர்றேன். வெள்ளி வரைக்கும் அங்கதான்… லீவைப் பத்தி நீ கவலைப்படாத. மொதல்ல அதைக் கார்ல ஏத்து… ஏற மாட்டேங்குதா? ஏறுமா பின்ன? ஒரு தடவை உன்னை நம்பி ஏறிப் பாத்தாச்சே… போனைக் குடு அதுகிட்ட. காதுல வை."

நகம் மறுபடி போனைப் பிறாண்டியது.

"மேனேஜர்… இங்க கேளு. அண்ணன் கதவைத் திறப்பான், ஏறிக்கோ. வீட்டுக்குத்தான். நான் வர்றேன், என் கையால ஊட்டுறேன், நீ சாப்பிடணும். அம்மா வர்றாங்கடா, நாளை மறுநாள் வர்றாங்க… ஏறு, ஏறு. நல்ல பிள்ளை… வழியில எங்கயாச்சும் நிறுத்தி எறங்கச் சொன்னான்னு வையி, எறங்காத. கையைப் புடிச்சுக் கடி. மிச்சப் பல்லு அதுக்குப் போதும்…"

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது. இரைக்கிற மூச்சு போனுக்கு ஒட்டிக்கொண்டு கேட்டது. அண்ணன் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள், மேனேஜர் போனைக் காலால் அமுக்கி லைனைக் கட் பண்ணிவிட்டது.