‘கிடைத்தது’ என்ற பதில்

பிரியாணிக் கடையில் பார்சல் வாங்கும்போது நான் ஒருநாளும் கல்லாவுக்கு முன்னால் முண்டியடித்ததில்லை, இன்ஸ்பெக்டர் சார். டோக்கனை வாங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிடுவேன். கூப்பிடும்போது எழுந்து போனால் போதும். நான் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்த மென்பொருளும் அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் திருவேங்கடம், ராயகிரி, மேலநீலிதநல்லூர் என்று மூன்று கிளைகள். முன்பெல்லாம் அங்கே அவசரம் என்றால் நர்ஸ் போனைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும். இங்கே ஆள் எடுக்கும்வரை நோயாளியைக் கவனிக்க முடியாது. நான் அதை மாற்றினேன். கம்ப்யூட்டரில் தேவையைப் போட்டால் எங்கள் சர்வர் அந்த நொடியே ‘கிடைத்தது’ என்று சொல்லிவிடும். அவள் தன் வேலையைப் பார்க்கலாம். செய்தி வரிசையில் நின்று, முறை வந்ததும் மருந்து ஸ்டோருக்கும் டிரைவருக்கும் போகும். ‘வண்டி கிளம்பியது’ என்ற இரண்டாவது பதில் பிறகு தானாக வந்து சேரும். ஒரு வருடத்தில் ஒரு செய்திகூடத் தொலைந்ததில்லை.

மேலநீலிதநல்லூர் நர்ஸ் ஹெலனுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. நவம்பர் மாத மீட்டிங்கில், டாக்டர்கள் எல்லாரும் இருக்கும்போது எழுந்தாள்.

“ஜெனித் தம்பி, ஒங்க சர்வர் ‘கிடைத்தது’ங்குது. யாரு கையில கிடைச்சுது? ஒரு மனுசன் பாக்குததுக்கு முன்னாலயே கிடைச்சுட்டுன்னு சொன்னா, அது பொய்தான?”

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய டாக்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எட்டு மாதம் ஒற்றை ஆளாய் நான் செய்ததை அவள் ஒரே பேச்சில் பொய்யாக்கிவிட்டாள். அன்றிலிருந்து அவள் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். இதை உங்களிடம் மறைக்க எனக்கு அவசியம் இல்லை.

மறுவாரமே அவளுடைய கிளைக்கு மட்டும் தனி வரிசை போட்டேன். ‘கிடைத்தது’ என்ற பதில் வழக்கம்போல் போய்விடும். ஆனால் என் மேசையில் நான் பொத்தானைத் தட்டினால்தான் செய்தி நகரும். பஞ்சு, ஊசி, குளுக்கோஸ் என்று அவள் கேட்டதையெல்லாம் அரை மணி, ஒரு மணி நிறுத்திவைத்து அனுப்பினேன். மனுஷன் பார்க்க வேண்டும் என்றாள் அல்லவா, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிசம்பர் ஒன்பதாம் தேதி பகல் மூன்று பத்துக்கு ஒரு செய்தி வந்தது. பேச்சித்தாய், வயது முப்பத்தொன்று. பருத்திக் காட்டில் களை எடுக்கும்போது விரியன் கடித்திருக்கிறது. விஷமுறிவு மருந்தும் வண்டியும் உடனே வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். ‘கிடைத்தது’ என்று பதில் போய்விட்டதால் ஹெலன் வேறு வண்டி தேடவில்லை. சலைன் ஏற்றிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்றரைக்கு என் போன் அடித்தது. அவள்தான். நான் எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தால் நாளைக்கு எல்லாக் கிளையும் போனைத் தூக்கும். அடுத்து வரவேற்பறைக்கு அடித்தாள். அங்கே இருக்கும் யோகலட்சுமி நான் பழக்கியபடியே சொன்னாள்.

“‘கிடைத்தது’ன்னு வந்துட்டுல்லாக்கா? அப்ப வண்டி வந்துரும். வச்சிருங்க.”

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகவே கேட்டது.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு ஹெலன் ஆட்டோ பிடித்தாள். பேச்சித்தாய் வழியிலேயே இறந்துபோனாள். தகவல் வந்த பிறகு பொத்தானைத் தட்டினேன். செய்தி ஒழுங்காக ஸ்டோருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலையில் அந்தத் தனி வரிசையை அழித்துவிட்டேன்.

விசாரணையில் ‘மென்பொருள் கோளாறு, யாரும் பொறுப்பில்லை’ என்று எழுதினீர்கள். ஹெலன் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போய்விட்டாள். நான் பேசாமல் இருந்திருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பேச்சித்தாயின் புருஷன் தங்கப்பழம் தினமும் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கிறார். போகிற வருகிறவர்களிடமெல்லாம், “எம் பொண்டாட்டிய அந்த கம்ப்யூட்டர்தான்யா கொன்னுட்டு” என்கிறார். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. நேற்று பெரிய டாக்டர் சர்வரை நிறுத்தச் சொல்லிவிட்டு, எல்லா இடத்திலும் மறுபடி போன் வைக்கச் சொல்லிவிட்டார்.

அதனால்தான் வந்தேன். அறிக்கையில் அந்த வரியை அடித்துவிடுங்கள். கோளாறு எதுவும் இல்லை. நான் சொன்னதை அது ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தது. அந்தப் பெண்ணைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என் மென்பொருள்மேல் மட்டும் பழி போடாதீர்கள், சார். அது யாருக்கும் ஒரு கெடுதலும் நினைத்ததில்லை.