மந்திரி மகளின் விண்ணப்பம்

கேட்டு நாலு நாளாகியும் அந்தப் பேச்சு என் மனத்தை விட்டுப் போகவில்லை. அன்று மகனின் மதிப்பெண் பட்டியலோடு நானும் ஒரு கல்லூரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரத்தில் ஏறிய பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு திருநெல்வேலிக்காரர்கள். இளையவர் செய்தித்தாளை மடித்தார்.

“அண்ணாச்சி, ஒங்க மந்திரி மக எந்தக் காலேஜ்லதான் சேரப்போகுது? பேப்பர்ல நாளுக்கு ஒண்ணு போடுதான்.”

“லண்டன்ல. அப்ளிகேஷன் டைப் அடிச்சதே நான்தாம்ல.”

“அச்சா! ஒங்க மக செல்விக்கு?”

“இங்க கேட்ட காலேஜ்ல ரெண்டு லிஸ்ட்லயும் பேரு இல்ல. இன்னைக்குக் கடைசி லிஸ்ட் ஒட்டுதாங்க. அதைத்தான் பாக்கப் போறேன்.”

“மந்திரிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?”

“வாய் வரல. கைதான் ஒரு தப்புப் பண்ணிட்டு. அந்த அப்ளிகேஷன்ல பேரு போடுத எடத்துல செல்வின்னு அடிச்சிட்டேன்.”

“ஐயையோ! மந்திரி பாத்துட்டாரா?”

“இல்ல. வேற தாள்ல அடிச்சுக் குடுத்துட்டேன்.”

“அந்தத் தாளைக் கிழிச்சாச்சுல்லா?”

பெரியவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“இன்னைக்கு லிஸ்ட்ல பேரு வரட்டும். கிழிச்சிருதேன்.”