ஏரிக்கரை மோட்டாருக்கு ஒரு மாற்று ஆள்

இந்த மாலைக்கு மணிமுடியாக வீற்றிருக்கும் நலச்சங்கத் தலைவர் எத்திராஜ் அவர்களே! மழை வருமுன் மனம் நனைய வந்திருக்கும் திருநின்றவூர் ஏரிக்கரைத் தெருப் பெரியோர்களே! உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே! பந்தி எப்போது என்று பின்வரிசையில் எட்டிப் பார்க்கும் தம்பிமார்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இன்று என் வீட்டுக்காரருக்குப் பொன்னாடை போர்த்தி, தெருக் காவலர் என்று பட்டம் கொடுத்து, என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னீர்கள். பெருமையாகத்தான் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கைபேசியில் படம் பிடிக்கிறார்கள். ஆனால் அவையோரே, எனக்கு அலுத்துப் போய்விட்டது. இந்த ஐப்பசியிலும் இவர் நம் தெருவில் ஏறும் ஏரித் தண்ணீரில் இறங்கினால் உயிரோடு ஏறுவாரா? அந்தப் பயத்தைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

யார் இவர்? என்ன தம்பி? "பேரச் சொல்லு ஆயா"வா? பின்னால் பேனரில் பெரிதாக எழுதியிருக்கிறது, படித்துக்கொள்.

கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே கடற்படையில் சேர்ந்தவர். கப்பலின் அடிவயிற்றில் எந்திர அறை. அங்கே இவர் வேலை. பக்கத்தில் கடல், கீழே கடல், நடுவில் கொதிக்கும் இரும்பு! ஒருமுறை விடுப்பில் வந்தவரைப் பார்த்து எங்கள் பெரிய மகள் கேட்டாள்: "இந்த மாமா எப்போம்மா அவங்க ஊட்டுக்குப் போவாரு?" இவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கடலை விட்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனியில் பொறியாளர் ஆனார். அதற்குப் பிறகு ஒரு பண்டிகைக்கு இவர் வீட்டில் இல்லாமல் இருந்ததுண்டா? ஒரு காய்ச்சலுக்கு இவர் கண் விழிக்காமல் இருந்ததுண்டா? மகள்களுக்குத் தலை பின்னுவதும் இவர்தான். பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுச் சரசா கேட்பாள்: "இன்னா தங்கவேல் சார், புள்ள சடையா இது, நங்கூரக் கயிறா? சாயந்தரம் அவுக்கறதுக்குள்ள எனக்கு மூச்சு வாங்குது!"

சரி, தெருவுக்கு வருகிறேன். ஏரிக்குப் பக்கத்தில் மலிவு மனை என்று வாங்கினோம். நீங்களும் வாங்கினீர்கள். ஏரி தன் இடத்தைத் தேடி நம் கூடத்துக்கே வந்தது. தண்ணீரை இறைத்து வெளியேற்றச் சங்கத்தில் டீசல் மோட்டார் வாங்கினோம். அதை ஓட்டியவர் யார்? குழாய் வாயில் அடைத்த பிளாஸ்டிக்கைக் கையைவிட்டு எடுத்தவர் யார்? தூறல் விழுந்தாலே நீங்கள் தட்டியது யார் கதவை? மோட்டார் ஓடினாலும் இவர். மோட்டார் நின்றாலும் இவர்!

போன கார்த்திகையில் அந்த மோட்டாரடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நம் வேம்புலிதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார். வழியில் கண் திறந்து இவர் கேட்டது என்னைப் பற்றியல்ல. "மோட்டார் ஓடுதா?"

"அது ஓடுது சார், நீ மொதல்ல மூச்ச வுடு!" என்றார் வேம்புலி.

தண்ணீரில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொன்னார். பார்க்க வந்த ஒருவரோ, "அடுத்த வாரம் புயலாம் சார், அதுக்குள்ள எழுந்துடுவீங்கல்ல?" என்றார். சிரிக்காதீர்கள். அவர் பெயரை நான் சொல்லமாட்டேன். தலைவர் ஏன் நெளிகிறார்?

வீட்டுக்கு வந்ததும் கெஞ்சினேன். "போதுங்க, உட்டுடுங்க."

"எப்பிடிடி வுடறது? கப்பல்ல அடுத்த ஆளு எதிர்ல வந்து நின்னு, 'நான் பாத்துக்கிறேன், நீ போ'ன்னு வாயால சொல்லணும். அதுவரைக்கும் எந்திரத்த வுட்டு நகரக் கூடாது. இங்க எவன் வந்து சொன்னான்?"

எண்ணிப் பாருங்கள், அவையோரே. தேநீர் கொடுத்தோம். குடை பிடித்தோம். கை தட்டினோம். அந்த ஒரு சொல்லை நம்மில் யார் சொன்னோம்? பொன்னாடை கேட்கவில்லை, ஆள் கேட்கிறேன். பட்டம் கேட்கவில்லை, பதில் கேட்கிறேன். இந்த மழைக்கு மோட்டாரடியில் யார்?

"கூலிக்கு ஆள் வச்சுக்கலாமே"யா? ஒரு வருஷம் வைத்தோமே ஐயா. முழங்கால் தண்ணீர் ஏறியதும் அவன் தன் வீட்டைப் பார்க்க ஓடினான். அவனுக்கும் வீடு இருக்கிறதே!

ஏன் தலை குனிகிறீர்கள்? திட்டவில்லை. கேட்கிறேன். நிற்கக் கால் வலிக்கிறது, இருந்தாலும் நிற்கிறேன்.

அங்கே எழுந்திருப்பது யார், தையல் கடை சபீனாவா? வா அம்மா, மைக்கில் சொல்.

"எனக்கு மோட்டார் தெரியாது ஆயா. தையல் மிஷின கழட்டி மாட்டுவேன், இதையும் கத்துக்கிறேன். ஆனா தனியா என்னால ஆவாது. வேம்புலி அண்ணாத்தேயும் வரணும்."

"வரேன்மா. மழைன்னா எனக்கு சவாரி இருக்கும். முறை போட்டுக்கலாம்."

பாருங்கள், பொன்னாடையோடு இவர் பாடம் நடத்த எழுந்துவிட்டார்! எண்ணெய் பார்ப்பதை நாளைக் காலையில் சொல்லிக்கொடுக்கலாம், உட்காருங்கள். சபீனா, அந்தச் சொல்லை என்னிடம் சொல்லாதே. இவர் எதிரில் நின்று சொல்.

"நான் பாத்துக்கிறேன் சார். நீங்க போங்க."

கேட்டீர்களா? இவ்வளவு நேரம் நாற்காலி நுனியில் இருந்தவர் இப்போதுதான் சாய்ந்து உட்காருகிறார்.

சபீனாவுக்கு நன்றி. வேம்புலிக்கு இரண்டாம் முறையாக நன்றி. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. தலைவர் அவர்களே, இன்னும் பேச ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரியும். மன்னிக்க வேண்டும். நான் இவரை அழைத்துக்கொண்டு கிளம்புகிறேன். நேரத்தோடு சாப்பிட்டுப் படுக்கட்டும். எல்லோருக்கும் என் கும்பிடு.