கொம்பன் கெழங்கு

ரொம்ப முந்தி, கரட்டுப்பட்டிக்கு ரோடும் இல்ல, ரோடு போடுறேன்னு பொய் சொல்ல ஆளும் இல்லாத காலத்துல, ஒச்சம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துட்டான். கொஞ்சம் ஆடு, செவனம்மான்னு ஒரு சின்ன மக. ஆட்டுக்கும் மகளுக்கும் வயிறு நெறஞ்சது ஊருக்குப் பின்னாடி சின்ன மலையா நிக்கிற கரட்டாலதானாம்.

அந்தக் கரட்டுல ஒத்தக்கொம்பன் இருக்கான்னு ஊர்ல பேச்சு. எரும ஒடம்பு, புலி மூஞ்சி, நெத்தி நடுவுல ஒத்தக் கொம்பு. பாத்தவன் ஒருத்தனும் இல்ல. பயந்தவன் ஊரு பூராம்.

ஒருநா ஜமீன் ஆளுக கோடாலியோட வந்தாகளாம், கரட்ட மொட்டையடிச்சுக் கரி சுட. ஊரே கையக் கட்டி நின்னுச்சாம். ஒச்சம்மா மட்டும் முன்னால போனாளாம்.

"வெட்டுங்கய்யா, நல்லா வெட்டுங்க. அந்தா நிக்கிது பாருங்க, அது கொம்பன் கள்ளி. அவன் முதுகு சொறியிறது அதுலதான்."

"இதென்னடி வண்டு, மூஞ்சியில கொம்போட?"

"கொம்பன் வண்டு. அவன் தூங்குறப்பக் காவலு."

"இந்தக் கொடி?"

"கொம்பன் கெழங்கு. அவன் தீனி. தொட்டவன் ஊரே போயிரும்."

ஓடுற ஓணானுக்கும் கொம்பன் பேரு, பறக்குற குருவிக்கும் கொம்பன் பேரு. அந்நேரம் பாத்து அந்த வண்டு ஒருத்தன் கழுத்துல போயி உக்காந்துச்சாம். எடுத்தான் பாரு ஓட்டம்! கோடாலி இங்க, வேட்டி அங்க, ஆளு எங்கயோ.

கரடு பொழச்சுச்சு. ஊரு ஒச்சம்மாவத் தலையில வச்சு ஆடுச்சு. கொம்பன் பேரு உள்ள எதையும் யாரும் தொடக்கூடாதுன்னு கட்டுப்பாடும் போட்டுச்சு. அவளும் சிரிச்சுக்கிட்டே சரின்னாளாம்.

அந்த மழைக்கே செவனம்மாவுக்குக் காய்ச்சல். ஒடம்பு அடுப்பாட்டம் கொதிக்குது. ஒச்சம்மா மம்பட்டிய எடுத்துக்கிட்டுக் கெழங்கு தோண்டக் கெளம்பினாளாம். கரட்டடியில ஊரே மறிச்சு நிக்கிது. முன்னால யாரு? கூடப் பொறந்த தம்பி விருமன்.

"வழிய விடுடா. கொம்பனும் இல்ல, வம்பனும் இல்ல. அந்தப் பேரெல்லாம் நாந்தான்டா கட்டிவிட்டேன்!"

"புள்ள சாகக் கெடக்குதுன்னு பொய் சொல்ற."

"அடேய், நம்ம ஆத்தா ஒனக்குக் காய்ச்சல்ல குடுத்ததே இந்தக் கெழங்குதான்டா!"

"அப்ப அது வெறுங் கெழங்குக்கா. இப்ப அது கொம்பனோடது. நீதான சொன்ன?"

கைய முறுக்கிப் பிடிச்சுக்கிட்டானாம். கத்தினாளாம், கும்பிட்டாளாம், கடிச்சாளாம். விடல. பொழுது சாயயில புள்ள அடங்கிருச்சு.

பொதச்சுட்டு வந்த கையோட கரட்டுக்குப் போனாளாம் ஒச்சம்மா. அப்ப ஒருத்தனும் மறிக்கல. கெழங்கத் தோண்டி, மண்ணோட, ஊரு பாக்கக் கடிச்சுத் தின்னாளாம்.

"பாருங்கடா! எனக்கு என்ன ஆச்சு? ஒங்களுக்கு என்ன ஆச்சு?"

ஒண்ணும் ஆகல. ஊரு பாத்துச்சாம். பாத்துட்டு என்ன சொல்லுச்சு தெரியுமா?

"கொம்பன் புள்ளைய வாங்கிக்கிட்டான்ல. அதான் சும்மா விட்டுட்டான்."



இன்னைக்கும் கரட்டுப்பட்டியில புள்ளைக்குக் காய்ச்சல்னா கெழங்கு தோண்டுவாக. தோண்டுறதுக்கு முன்னாடி சொல்லணும்: "கொம்பா, ஒனக்குச் செவனம்மாவக் குடுத்தாச்சு. எங்க புள்ளைய விட்டுரு."

குடுத்தாச்சாம்ல! கேட்டீகளா?

ஒச்சம்மாவுக்கு வாரிசு இல்ல. விருமன் வழிதான் நாங்க எல்லாம். காய்ச்சல்ல அந்தக் கெழங்குச் சாறக் குடிச்சு, நல்லாப் பொழச்சுக் கெடக்கோம்.