ஒருசந்தியில் கரைந்த தோள்

நாளை மதியம் மாதாவின் சொரூபம் வைத்த கூட்டை அருள்ராணியின் இடது தோள் தாங்குமா? எனக்குத் தெரியாது. இந்த ஒஸ்லோ நகரத்தில் இருபத்திரண்டு வருடங்களாக இயன்முறை மருத்துவராக வேலை செய்து, எத்தனையோ தோள்களைத் தொட்டுப் பார்த்தவள் நான். இருந்தும் தெரியாது.

விடை தெரியாமல் மேடை ஏறியவளைப் பொறுத்துக்கொள்ளப்போகும் அவைத்தலைவர் யூலியன் அவர்களே, ஆசி தர வந்திருக்கும் அருட்தந்தையே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, நாளைய அன்னதானத்துக்கு வெங்காயம் வெட்டுவதை அரைவாசியில் விட்டுவிட்டு ஈரக் கையோடு வந்து நிற்கும் தாய்மாரே, ஹவுகெட்டோவில் இருந்தும் ரொம்மனில் இருந்தும் ரயிலேறி வந்த சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். பக்தியில் நான் கோயிலின் கடைசி வாங்கில் இருப்பவள். ஆனாலும் திருநாளுக்கு முந்திய மாலையில் உடம்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். நன்றி.

அருள்ராணி அந்த மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அவளைக் கேட்டுத்தான் அவள் கதையைச் சொல்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. கட்டிலில் இருந்து கதிரைக்கு, கதிரையில் இருந்து கட்டிலுக்கு, பிறர் உடம்பைத் தூக்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன், திருநாள் ஊர்வலமான சுற்றுப்பிரகாரத்தில் கூடு தூக்கும் நான்கு பெண்களில் ஒருத்தியாகத் தன்னையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள். தூக்குபவர்களைத் தெரிவு செய்கிற கொன்ஸ்ரன்ரைன் அண்ணை அவளை மேலும் கீழும் பார்த்தார். "தங்கச்சி, படி ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் மெலிஞ்சிட்டு வாங்கோ, பாப்பம்" என்றார்.

அண்ணை, தலையைக் குனியாதேயுங்கோ! பிழை உங்களுடையது மட்டும் அல்ல. பொறுங்கள், என் பிழைக்கும் வருகிறேன்.

அவள் என்ன செய்தாள்? போன வருடத் தவக்காலத்தில் ஒருசந்தி பிடித்தாள். ஒரு நாளைக்கு ஒரு நேரச் சாப்பாடு. நாற்பது நாள் முடிந்தது, அவள் முடிக்கவில்லை. உயிர்ப்பு ஞாயிறு வந்தது, ஒருசந்தி தொடர்ந்தது. வைகாசி வந்தது, ஆனி வந்தது, ஆடியும் வந்தது, ஒருசந்தி தொடர்ந்தது! அந்த ஒரு நேரமும் என்ன? சோறும் தேங்காய்ப்பால் சொதியும். எண்பத்துநான்கு கிலோ அறுபத்தேழு ஆனது. கோயில் வாசலில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். "ஆளே தெரியேல்லையடி, என்ன செய்தனீ?" என்றார்கள். நானும் சொன்னேன், "வடிவா இருக்கிறீர், அருள்ராணி." படித்தவள் நான். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை.

ஒத்திகைக்கு நாங்கள் மாதாவை இறக்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வெறும் தண்டில் பத்துக் கிலோ அரிசிப் பை எட்டைக் கட்டி, இதே மண்டபத்தில் சுற்றி வருவோம். போன வருட ஒத்திகையில் கொன்ஸ்ரன்ரைன் அண்ணை சேர்த்துக்கொள்ள, அருள்ராணி தோளைக் கொடுத்தாள். நான்காவது அடியில் முழங்கால் மடிந்தது. பைகள் சரிந்து, ஒன்று வெடித்து, நிலமெல்லாம் அரிசி.

யாரது சிரிக்கிறது? சிரியுங்கள். அன்றும் சிரித்தார்கள். அவள் மட்டும் நிலத்தில் இருந்தபடி அரிசியைக் கையால் கூட்டினாள்.

மெலிந்தவள் ஏன் விழுந்தாள்? பதினேழு கிலோ போனது என்று தராசு சொல்லும். அதில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று சொல்லுமா? சொல்லாது. உடம்பைப் பட்டினி போட்டால் அது கொழுப்பை மட்டுமா எரிக்கும்? தோளையும் எரிக்கும், தொடையையும் எரிக்கும். நிறை குறைந்தது, நிமிர்வும் குறைந்தது. உடை தளர்ந்தது, உறுதியும் தளர்ந்தது.

அடுத்த கிழமை என்னிடம் வந்தாள். எதற்கு இந்தப் பாரத்தைத் தூக்க ஆசைப்படுகிறீர் என்று கேட்டேன். என் கேள்வியில் கொஞ்சம் ஏளனமும் இருந்தது. அவள் சொன்னாள்:

"பதினெட்டு வருசமாச் சம்பளத்துக்குத் தூக்கிறன் அக்கா. ஒருக்கா ஆசைக்குத் தூக்க வேணும்."

அவையோரே, அந்த ஏக்கம் எந்தப் பரிசோதனையிலும் அகப்படாது. ஆனால் அந்த ஏக்கத்துக்கு ஒரு தோள் வேண்டும். அந்தத் தோளுக்குச் சாப்பாடு வேண்டும்!

ஒருசந்தியை நிறுத்தினோம். போன நிறையில் ஏழு கிலோ திரும்பி வந்தது. அழுதாள். தராசை அலுமாரியில் பூட்டச் சொன்னேன். பிறகு கிழமைக்கு மூன்று நாள் பயிற்சி: கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்புவது, சுவரைத் தள்ளுவது, அரிசிப் பையை நிலத்தில் இருந்து நெஞ்சுக்குக் கொண்டுவருவது. முதல் மாதம் ஐந்து கிலோ. தை மாதத்துக்குள் பத்து. இப்போது இருபது. ஒவ்வொரு நேரமும் புரதம்: முட்டை, தகரத்தில் அடைத்த ரின்மீன், பயறு, தயிர். சோற்றைக் கொஞ்சம் குறைத்தோம், விடவில்லை. நித்திரையையும் விடவில்லை.

என்ன கேட்கிறீர்கள், பின்னால்? கொத்துரொட்டியா? ஓம், சாப்பிட்டாள். ஒவ்வொரு சனியும் அல்ல.

எழுபத்துநான்கில் இருந்து எழுபதுக்கு வர அவளுக்குப் பத்து மாதம் எடுத்தது. நான்கே நான்கு கிலோ! இந்த முறை கோயில் வாசலில் எவரும் சூழ்ந்துகொள்ளவில்லை. ஆனால் முன்பு மூச்சு வாங்கிய படியில் இரண்டு பைகளோடு ஏறுகிறாள். எதை மெச்ச வேண்டும் நாங்கள்? இழந்ததையா, வளர்த்ததையா?

ஒரு எச்சரிக்கை. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகத்தில் குறை உள்ளவர்கள், வைத்தியரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

தாய்மாரே, ஒரு சட்டி மீன் குழம்பில் துண்டு யாருக்குப் போகிறது? கணவருக்கு. பிள்ளைக்கு. வந்த விருந்தாளிக்கு. உங்களுக்கு? குழம்பு! எத்தனை வருடம் குழம்பு? எத்தனை வருடம் நின்றபடி சாப்பாடு? எந்தக் கட்டளை உங்களுக்கு மீன் வேண்டாம் என்றது? நாளைக்கு மேசையில் இருங்கள். துண்டை உங்கள் தட்டில் வையுங்கள். மெலிய ஆசைப்படுகிறவர்கள் மெலியுங்கள். ஆனால் தூக்க ஆசைப்படுவதைத் தூக்கும் பலத்தோடு மெலியுங்கள்!

பொறுமையாகக் கேட்டீர்கள். அருள்ராணி, இவ்வளவு பேர் முன்னால் உம்மைப் பற்றிக் கதைக்க விட்டதற்கு நன்றி. வெங்காயம் காத்திருக்கிறது, போய் வாருங்கள், வணக்கம்.

*

மறுநாள் நடந்தது இது. காலையில் பெய்த மழை பதினொரு மணிக்கு விட்டது. அருள்ராணி பின்பக்க இடது முனையை எடுத்தாள். கோயில் வாசலில் இருந்து தெருவின் இரண்டாவது திருப்பம் வரை தூக்கினாள். அங்கே தோள் தளரத் தொடங்கியது. "மாத்துங்கோ" என்று தானே சொன்னாள். பக்கத்தில் நடந்த நிலூஜா தோளைக் கொடுத்தாள். மிச்ச வழி முழுக்க அருள்ராணி தண்டில் ஒரு கையை வைத்தபடி நடந்தாள்.

மண்டபத்தில் அவள் சட்டைக் கழுத்தை விலக்கிப் பார்த்தேன். தோளில் தண்டு அழுத்திய சிவப்புத் தடம். மருந்து பூசட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா, கிடக்கட்டும். நாளைக்கு வேலைக்கு இதோடைதான் போகப்போறன்."