சாவித்ரி மாமியின் லைன்

மாடம்பாக்கத்தில் நாலு தூறல் விழுந்தால் டெலிபோன் படுத்துவிடும். முதியோர் இல்லத்தைத் தொடங்கியபோது ஸ்ரீநிவாசராகவன் சார் கவலைப்பட்டதும் அதைப் பற்றித்தான். அங்கே இருப்பவர்களின் பிள்ளைகள் அநேகமாக எல்லாரும் அமெரிக்காவில். அவர்களுக்கு அம்மாவின் குரல் கேட்க வேண்டாமா?

அதற்காகவே என்னை வேலைக்கு எடுத்தார். 2008 கடைசியில், சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் நான் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களைக் குறைத்திருந்தது. என் வயதில் வேறு இடம் கிடைக்கவில்லை. வீட்டில் எனக்கென்று யாரும் இல்லாததால் இல்லத்திலேயே ஓர் அறை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக எளிதாகவே சொல்கிறேன். என் அறையில் ஒரு சர்வர் இருக்கிறது. பெட்டி ஒன்றுதான், அதற்குள் பல கணினிகள் தனித்தனியாக ஓடும்படி அமைக்கலாம். அவற்றில் ஒன்றை டெலிபோன் எக்ஸ்சேஞ்சாக வைத்தேன். அந்த எக்ஸ்சேஞ்சையும் டெலிபோன்களையும் வெளியிலிருந்து வரும் இன்டர்நெட் கேபிளோடு சேர்க்கும் பாலத்துக்குப் பெயர் பிரிட்ஜ். வெளிநாட்டு அழைப்புகள் அதன் வழியாகத்தான் வந்தன. ஒவ்வொருவர் கட்டில் தலைமாட்டிலும், அவர் டெலிபோனோடு இணைத்து, ஓர் அவசர பட்டனும் வைத்தேன். அழுத்தினால் எக்ஸ்சேஞ்ச் என் செல்போனைக் கூப்பிடும். யாரும் கேட்காமல் நானாகச் செய்தது அது.

சாவித்ரி மாமி என் அடுத்த அறை. காலையில் காப்பி டம்ளரோடு வாசலில் நிற்பார்.

"ஏண்டி நாகு, உன் டப்பா இன்னிக்காவது வாயைத் திறக்குமா? இல்லை, அதுக்கும் தொண்டை கட்டிண்டுடுத்தா?"

பிறகு என் தலையைப் பார்ப்பார். "எண்ணெய் வெச்சுண்டு எத்தனை நாளாச்சு? சரியான பரட்டை. உக்காரு இப்படி."

அம்மா போன பிறகு என் தலையை யாரும் தொட்டதில்லை. எண்ணெய் தேய்த்துவிட்டு மாமி எழுந்து போனபின்பும் நான் தரையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நியூஜெர்சியிலிருந்து அவர் மகன் ஷ்யாம்சுந்தர் கூப்பிடுவான். பேசி முடித்தால் மாமி சாப்பிட மாட்டார். டெலிபோனையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நாள் அவருக்கு ஓய்வு வேண்டும் என்று நினைத்தேன்.

பிரிட்ஜில் வெளிக் கேபிளைச் சேர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. சேர்க்காவிட்டாலும் அது ஓடும். உள்ளே இருப்பவை ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். வெளியே உலகம் துண்டிக்கப்பட்டது அவற்றுக்குத் தெரியாது. அப்படி இரண்டாவதாக ஓர் எக்ஸ்சேஞ்சும் பிரிட்ஜும் போட்டு, இரண்டே டெலிபோன்களை அதற்கு மாற்றினேன். ஒன்று மாமியுடையது. மற்றது என் மேசையில் இருப்பது. நான் எதையும் அறுக்கவில்லை. சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

இல்லத்தின் பொது எண்ணில் ஷ்யாம்சுந்தர் கூப்பிட்டபோது, ஆபீஸ் டெலிபோனை நானே எடுத்து, அம்மா தூங்குகிறார் என்றேன். இன்னொரு முறை, கோவிலுக்குப் போயிருக்கிறார் என்றேன். மாமியிடம், அவனுக்கு வேலை அதிகமாக இருக்கும் என்றேன். மற்றவர்கள் அறைக்குப் போய் அவர்கள் டெலிபோனில் அவர் பேச மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"அவனுக்கு வேணும்னா அவன் கூப்பிடட்டும். நான் என்ன பிச்சையா கேக்கறேன்?" என்றார்.

அதன்பின் என் டப்பாவைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். ஆனால் மேசை டெலிபோன் அடிக்கடி அடித்தது. எடுத்தால், "நாகு, சாப்பிட்டியோ?" என்று மட்டும் கேட்பார். நான் அவ்வளவு நிம்மதியாக என்றுமே இருந்ததில்லை.

ஷ்யாம்சுந்தர் கடைசியாக என்னிடம் என்ன சொன்னான் என்று கேட்டீர்கள். "டிக்கெட் போட்டாச்சு. ஏப்ரல்ல வந்து அம்மாவை என்னோடயே கூட்டிண்டு போயிடறேன். நானே அவகிட்ட சொல்லணும், லைனைக் குடுங்கோ" என்றான். அது கடைசியாகச் சொன்னதல்ல, முதலில் சொன்னது. இரண்டாவது பிரிட்ஜைப் போட்டது அன்றுதான். ஓய்வு வேண்டும் என்று நான் நினைத்ததும் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். மாமிக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. பெரிய எண்கள் உள்ள பழைய டெலிபோன் அங்கே கிடைக்கும். சிவப்பில் ஒன்று அகப்பட்டது. விலை பேசிக்கொண்டிருக்கும்போது ஆயா ரத்தினபாய் தன் செல்லிலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, நான் கொல்லையில துணி தொவச்சிகினு இருந்தேன். வந்து பாத்தா சாவித்ரி பாட்டி பூட்ச்சு. உனுக்கு மணி இன்னாத்துக்கு அடிக்கல? பாட்டி கையி பட்டன் மேலயே கீதுக்கா."

நிறைய முறை அழுத்தியிருக்கிறார். எக்ஸ்சேஞ்சில் பதிவாகியிருக்கிறது. பிறகு என் மேசைக்கும் போன் செய்திருக்கிறார். அறையைப் பூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

பட்டனை மறந்துவிட்டேனா என்றீர்கள். இல்லை. என் செல்போன் வெளியே இருப்பது. அந்த பிரிட்ஜிலிருந்து அதற்கு மணி வராது. அதைப் போடும்போதே எனக்கு இது தெரியும். பட்டனுக்காக வெளிக் கேபிளைச் சேர்த்திருந்தால் அதே வழியில் அவனும் வந்திருப்பான். மாமி அதுவரை ஒருமுறைகூட அதை அழுத்தியதில்லை.

ஆகவே செய்தது நான்தான். வேறு யார்மேலும் எழுதாதீர்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அந்த மணி எனக்குக் கேட்டிருந்தால், ஆட்டோ பிடித்து அரை மணியில் மாமியிடம் வந்திருப்பேன். நியூஜெர்சியிலிருந்து யாரால் வர முடியும்?