மூன்று பேர், ஐந்து கேசட்

நீரஜா: இன்னொரு தடவ எண்ணு.

யாசிர்: நாலு தடவ எண்ணிட்டேன். அஞ்சுதான்.

நீரஜா: மூணு பேர் ஓட்டுப் போட்டா அஞ்சு கேசட் எப்படி வரும்?

யாசிர்: என்னைக் கேட்டா? பை அங்கதான் தொங்குது. அதக் கேளு.

நீரஜா: பை காலியாத்தானே இருந்தது?

யாசிர்: நீதானே உதறிக் காட்டினே. ஒரு பொட்டுக்கடலை விழுந்துச்சு. அவ்ளோதான்.

நீரஜா: சரி. பல்லு உடைஞ்சது எத்தனை?

யாசிர்: மூணு.

நீரஜா: முழுசா இருக்கறது?

யாசிர்: ரெண்டு.

நீரஜா: கேசட் முதுகுல, மேல ரெக்கார்ட் பண்ண விடற அந்தப் பிளாஸ்டிக் பல்ல உடைச்சிருந்தா, நம்ம பாட்டக் கம்பெனிக்குக் குடுக்க சம்மதம். முழுசா இருந்தா வேண்டாம். அதானே ரூல்?

யாசிர்: ரூல் எழுதினதே நீதான். இப்ப மறந்துபோச்சா?

நீரஜா: ஒருத்தர் வேண்டாம்னாலும் நின்னுபோயிடும்னு எழுதினேன். ஒருத்தரே ரெண்டு போடலாம்னு எழுதல.

யாசிர்: போடக் கூடாதுன்னும் எழுதல.

நீரஜா: விளையாடாதே. மாளவிகா என்ன சொல்லிட்டுப் போனா?

யாசிர்: மூணு ஆளு, மூணு உடைஞ்சுது, கணக்கு சரியாப் போச்சு... மீதி ரெண்டும் எப்பவோ கிடந்த பழசுன்னா. டெலிபோன் பூத்துக்கு ஓடிட்டா. கேசட் கம்பெனி ஆள வரச் சொல்லணுமாம்.

நீரஜா: எந்த ஆள? சுந்தரராமனையா?

யாசிர்: ஆமா. நாலு மணிக்கு வந்து நம்ம பாட்டு இருக்கிற மாஸ்டர் கேசட்ட எடுத்துக்கினு போயிடுவாரு.

நீரஜா: இப்ப மணி?

யாசிர்: மூணே முக்கால்.

நீரஜா: ...அந்த ரெண்டையும் போட்டுக் கேட்டா? அவாவா வீட்டுப் பழைய கேசட்தானே கொண்டு வந்தோம். யாருதுன்னு தெரிஞ்சுடுமே.

யாசிர்: எண்ணி முடிச்ச கையோட மாளவிகா அஞ்சையும் ஸ்பீக்கர் காந்தத்துல வச்சுத் தேச்சு அழிச்சுட்டாளே. அதுவும் உன் ரூல்தான். யாரு ஓட்டுன்னு யாரும் போட்டுப் பாக்கக் கூடாது.

நீரஜா: அஞ்சையுமா?

யாசிர்: அஞ்சையும். இப்ப போட்டா உஸ்ஸுன்னுதான் வரும்.

நீரஜா: நல்லதாப் போச்சு.

யாசிர்: நல்லதா?

நீரஜா: ரூல்படி நடந்துதேன்னு சொன்னேன். ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?

யாசிர்: ஒண்ணுமில்ல... வெயிலு.

நீரஜா: கீழ தையல் கடை ஜமீலுன்னிசா அக்கா மேல வந்தாளோ? தெரியாம எதையாவது போட்டிருப்பாளோ?

யாசிர்: அக்கா ஓட்டுப் போட்டா நம்ம 'இரைச்சல் கூட்டுறவு' பேண்டயே இழுத்து மூடச் சொல்லித்தான் போடும். நம்ம டிரம்ஸ் சத்தத்துல ஊசி எகிறுதாம்.

நீரஜா: நம்ம மூணு பேர்ல ஒருத்தர்தான். ஆனா நீ உடைச்சதை நான் பாத்தேன்.

யாசிர்: நீ உடைச்சத நானும் பாத்தேன். ஸ்க்ரூடிரைவர் குடுத்ததே நான்தான்.

நீரஜா: மாளவிகா எல்லார் எதிர்லயும் உடைச்சா. துண்டு பறந்து டீ கிளாஸ்ல விழுந்தது.

யாசிர்: என் கிளாஸ்ல. பாதி குடிச்சப்புறம்தான் சொன்னா.

நீரஜா: அப்போ மூணு சம்மதம் நிஜம்.

யாசிர்: உடைச்சது நிஜம்.

நீரஜா: ரெண்டும் ஒண்ணுதானே?

யாசிர்: ...ஒண்ணுதான்.

நீரஜா: என்ன இழுக்கறே?

யாசிர்: பைக்குள்ள போடறத யாரும் பாக்கல. கதவுக்குப் பின்னாடி தனித்தனியாப் போய்த்தானே போட்டோம்.

நீரஜா: அதுல என்ன?

யாசிர்: ஒண்ணுமில்ல. நீரஜா, ஒண்ணு கேக்கட்டுமா? உனக்கு நெஜமாவே சம்மதம்தானா?

நீரஜா: நூறு தடவ சொல்லியாச்சு.

யாசிர்: ஏழு பாட்டு. ஏழுலயும் உன் குரல் இருக்கிற டிராக்க மட்டும் அழிச்சுட்டு வேற பொண்ணப் பாட வைப்பாங்க.

நீரஜா: சுத்தமாப் பாடற பொண்ணு. சுந்தரராமன்தான் என் எதிர்லயே சொன்னாரே.

யாசிர்: கோவம் வரலையா?

நீரஜா: நான் கத்தறேன். அவ பாடுவா. ஊர் பூரா உன் கிட்டார் கேக்கும். இந்த வருஷத்தோட இதை விட்டுட்டு தி.நகர் கடையில வந்து உக்காருன்னு உங்கத்தா சொல்லலையா?

யாசிர்: அத்தாவுக்கு நாம என்ன பண்றோம்னே தெரியாது. நாம பாடறது பங்க் மியூசிக், பங்க்னு சொன்னேன். எந்த பங்க்கு, சம்பளம் ஒழுங்காத் தருவானா, கையெல்லாம் பெட்ரோல் நாறுமேன்னாரு.

நீரஜா: இந்தக் கேசட் கடைக்கு வந்தா தெரிஞ்சுக்குவார். அதுக்காகத்தான் உன்கிட்ட சத்தியம் வாங்கினேன்.

யாசிர்: சத்தியமா அது? எனக்காகப் பாத்து நீ வேண்டாம்னு போட்டா, நான் விலகிடுவேன்னு மிரட்டினே.

நீரஜா: மிரட்டினதாலதான் உடைச்சியா?

யாசிர்: அதனாலதான்... உடைச்சேன். நீ?

நீரஜா: நான் என்ன?

யாசிர்: நீ எதுக்கு உடைச்சே?

நீரஜா: உனக்காகத்தான். இப்பத்தானே சொன்னேன்... காதுல விழலையா?

யாசிர்: குழப்பமா கீது. எனக்குன்னு நான் கேக்கல. உனக்குன்னு நீயும் கேக்கல. அப்ப இதக் கேட்டது யாரு?

நீரஜா: மாளவிகா. அவ ஒருத்திதான் வாயத் திறந்து வேணும்னா.

யாசிர்: அவ மேல தப்பில்ல. ரெண்டு வருஷமா டிரம்ஸ் தட்டறா. எல்.ஐ.சி. காலனி நாயத் தவிர யாரும் கேக்கல.

நீரஜா: ...மாஸ்டர் பீரோவுலதானே இருக்கு?

யாசிர்: எது?

நீரஜா: மாஸ்டர்டா.

யாசிர்: ஆங்... பீரோவுலதான். வேற எங்க போவும்?

நீரஜா: எடுத்து வைக்கணுமா?

யாசிர்: இப்பவேவா? அவர் வரட்டுமே.

நீரஜா: ஆமாம். வரட்டும். அவசரம் என்ன?

யாசிர்: அவசரமே இல்ல.

நீரஜா: சாவி யார்கிட்ட?

யாசிர்: உன்கிட்ட இல்ல?

நீரஜா: என்கிட்ட ஏது? நான் பீரோ பக்கமே போகல.

யாசிர்: நானும்தான்.

மாளவிகா: ரெண்டு பேரும் என்னடா கதவச் சாத்திட்டு? கார் கீழ நிக்குது. கட்டடத்தப் பாத்துட்டு மேல ஏற மாட்டேங்கறார். மாஸ்டர எடு, குடுத்துட்டு வந்துடறேன்.

யாசிர்: மாளு... உக்காரு.

மாளவிகா: உக்காரவா? இன்ஜின் கூட நிறுத்தலடா அவர்.

யாசிர்: மாஸ்டர் இல்ல.

மாளவிகா: இல்லன்னா?

யாசிர்: அந்த முழுசா இருந்த கேசட்டு... நான் போட்டது. ஒண்ணு உடைச்சுப் போட்டேன். கூடவே இன்னொண்ண உடைக்காமப் போட்டேன். உடைக்காத கேசட் கையில வேற இல்ல. பீரோவுல இருந்தத எடுத்து, லேபிளப் பிரிச்சு... ரெண்டு நாள் பையிலயே கிடக்கட்டும், ஆள் போனப்புறம் திருப்பி வச்சுடலாம்னு நெனச்சேன். எண்ணின உடனே நீ காந்தத்த எடுப்பேன்னு தோணல.

மாளவிகா: உனக்குத் தோணலையா? ரெண்டு வருஷமா எண்ணின உடனே நான்தானேடா தேய்க்கறேன்!

யாசிர்: நான் தடுக்கலாம்னு வர்றதுக்குள்ள முடிச்சுட்ட.

மாளவிகா: அப்ப ஏழு பாட்டும்?

யாசிர்: போச்சு.

மாளவிகா: வேற கேசட்ல காப்பி?

யாசிர்: அடுத்த மாசம் எடுக்கறதாத்தானே இருந்தோம்.

மாளவிகா: என் கையாலயே... டேய், வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா உனக்கு? ஒரே ஒரு முழுசு போதுமே, நின்னிருக்குமே! எதுக்குடா எங்க முன்னாடி உடைச்சுக் காட்டினே?

யாசிர்: சத்தியம் பண்ணியிருந்தேன்.

மாளவிகா: இன்னொரு முழுசு இருந்துதே. அது யாருது?

யாசிர்: ...அதுவும் நான்தான்.

மாளவிகா: இப்பத்தானே கையில வேற கேசட் இல்லன்னே?

யாசிர்: எல்லாம் நான்தான் மாளு. விடு. நீரஜாவுக்கு ஒண்ணும் தெரியாது. கீழ போய் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிடறேன்.

மாளவிகா: நீ என்னடி கேசட்ட அடுக்கிட்டு நிக்கறே? உன் குரல்தானே போச்சு. ஒரு சொட்டு அழுகை கூட வரல உனக்கு?

நீரஜா: அவன் பொய் சொல்றான். அவன் போட்டது ஒண்ணுதான். இன்னொண்ணு என்னுது. அழிஞ்சது மாஸ்டர் இல்ல, யாசிர். மேல யாரும் ரெக்கார்ட் பண்ணிடக் கூடாதுன்னு, முடிச்ச அன்னிக்கே மாஸ்டரோட பல்ல நீதானே உடைச்சே... பீரோவுலேந்து எடுத்தது முழுசா இருக்கேன்னு உனக்குத் தோணலையா? வெறும் கேசட்டுக்கு லேபிள் ஒட்டி பீரோவுல வச்சது நான். மாஸ்டர் வெள்ளிக்கிழமைலேந்து எங்காத்துல இருக்கு, அம்மாவோட உபன்யாசம் டப்பாவுக்குள்ள. கார்காரர போகச் சொல்லு, மாளு... அதுல கத்தறது நான்.